எட்டு நாள் காய்ச்சல், அக்குள்ல ஒரு கருப்புப் பக்கு, நாலு டயாலிசிஸ்: ஏற்காடு பக்கம் வேற யாருக்காவது?

அம்மாபேட்டை_மாப்ள | டிசம்பர் 6, இரவு 10:15

வணக்கமுங்க. இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் எழுதறேன். நீளமா போனா பொறுத்துக்குங்க.

என் மச்சான், சம்சாரத்தோட தம்பி, நாகலூர்ப் பக்கம் மிளகு குத்தகைக்கு எடுத்துப் பார்க்கறாப்ல. வயசு 38. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் கொடிக்கு அடியில மண்டிக் கெடந்த உண்ணிச்செடியை வெட்டிச் சுத்தம் பண்ணியிருக்காரு. நாலு நாள் வேலை. மத்தியானம் சோறு தின்னுட்டு அங்கயே படங்கு விரிச்சு ஒரு தூக்கம். அது முடிஞ்சு பத்து நாள் இருக்கும், குளிர் எடுத்துக் காய்ச்சல். தலைவலின்னா கண்ணைப் பிடுங்கிப் போடற தலைவலி.

பக்கத்துல ஒரு கிளினிக். ரத்தம் பார்த்து டைபாய்டுன்னு சொல்லி காலைல ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. உடம்பு வலிக்குன்னு தனியா இன்னொரு ஊசி, அது அஞ்சு நாளும். காய்ச்சல் அசையவே இல்லை. ஆறாம் நாள் வாந்தி. எட்டாம் நாள் சாயங்காலம் தங்கச்சி (மச்சானோட சம்சாரம்) எனக்குப் போன் பண்ணுது: "அண்ணா, விடிஞ்சதுல இருந்து ஒரே தடவைதான் ஒண்ணுக்குப் போனாரு. அதுவும் ஒரு டம்ளர் தேறாது. கடுங்காப்பி கலர்ல இருக்கு."

அந்தச் சமயம் மெயின் ரோட்ல மண் சரிஞ்சு கெடந்ததால குப்பனூர் வழியா இறக்கிக்கிட்டு வந்தோம். சேலம் வந்து சேரும்போது ராத்திரி பதினொன்னரை. கிரியாட்டினின் (கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறற கழிவு) 6.8. பிளேட்லெட் 42 ஆயிரம். கண்ணு லேசா மஞ்சள்.

டூட்டில இருந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. அது எடுத்ததும் கேட்ட கேள்வி, "என்ன வேலை பார்க்கறாரு? கடைசியா எங்க படுத்து எந்திரிச்சாரு?" கிட்னி போயிடுச்சுன்னு நாங்க பதறிக்கிட்டு இருக்கோம், இது ஊர் விசாரிக்குதேன்னு எனக்கு எரிச்சல். அப்புறம் சட்டையைக் கழட்டச் சொல்லி, செல்போன் லைட் அடிச்சு உச்சந்தலையில இருந்து பார்த்துக்கிட்டே வந்துச்சு. காதுக்குப் பின்னால, கழுத்து, இடது கையைத் தூக்கினா, அக்குள் மடிப்புல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கருப்புப் பக்கு. சுத்தி செவப்பா ஒரு வளையம். பீடி சுட்ட புண்ணு காய்ஞ்சாப்ல. மச்சானுக்கே அது இருக்கறது தெரியாது. வலி இல்லை, அரிப்பு இல்லை.

"ஸ்கரப் டைபஸ்" அப்படின்னுச்சு, புதர்ப் பூச்சி கடிச்சு வர்ற உண்ணிக் காய்ச்சலாம். அரை மணி நேரத்துல மருந்து ஏத்திட்டாங்க. ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா கிட்னி கேட்கலை. கழுத்துல டியூப் போட்டு நாலு டயாலிசிஸ். ஒன்பதாம் நாள்தான் யூரின் பையில ஏதோ சேர ஆரம்பிச்சுது. தங்கச்சி அந்தப் பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. போன வாரம் வீட்டுக்கு விட்டாங்க, கிரியாட்டினின் 2.6.

என் சந்தேகம் மூணு. கிட்னி பழையபடி வருமா, இல்லை ஆயுசுக்கும் இப்படித்தானா? வீட்ல ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, அவங்களுக்கு ஒட்டுமா? அந்த கிளினிக்ல கொடுத்த ஊசியாலதான் கெட்டுதா?

மலை_ரைட்டர் | டிசம்பர் 6, இரவு 11:02

உங்க மச்சான் பிழைச்சு வந்ததுக்கு முதல்ல சேர்வராயனுக்கு ஒரு கும்பிடு.

நான் 22 வருஷமா காபி எஸ்டேட்ல ரைட்டர், கணக்கு எழுதறவன். அந்தப் பக்கை நாங்க ஆரம்பத்துல நெருப்புச் சுட்டதுன்னுதான் நெனச்சோம். ஒரு வருஷம் கவாத்து முடிஞ்சு களை வெட்டினவங்கள்ல மூணு பேருக்கு அடுத்தடுத்து காய்ச்சல். மூணு பேருமே ஒரே சரிவுல வேலை பார்த்தவங்க. அதுல ஒரு அம்மாவுக்கு மாருக்கு அடியில இருந்திருக்கு. ஆம்பளை டாக்டர்கிட்ட காட்டக் கூச்சப்பட்டு சொல்லவே இல்லை. நர்ஸம்மா ஈரத்துணியால உடம்பு துடைக்கும்போதுதான் பார்த்தாங்க. இடுப்புல பாவாடை நாடா இறுக்கற இடம், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால, இப்படி நாலு பேர் பார்க்காத இடமாப் பார்த்துத்தான் உக்காருது.

அதனால இப்ப மஸ்டர் (ஆள் கணக்கு) எடுக்கும்போது யாராவது காய்ச்சல்னு நின்னா, "வீட்டுக்குப் போய் சம்சாரத்தை விட்டு உடம்பு பூரா பார்க்கச் சொல்லுப்பா"ன்னுதான் முதல்ல சொல்றது. சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். உண்ணிச்செடின்னு எழுதியிருக்கீங்க. அந்தச் செடிக்கும் இந்த உண்ணிக் காய்ச்சலுக்கும் பேர்ல மட்டும்தான் உறவுன்னு நெனச்சிருந்தேன். ஆனா ஸ்கரப்னாலே புதர்க்காடுதானாம். அந்தப் புதருக்குள்ள எலி இருக்கு, எலி மேல இந்தப் பூச்சி இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல அழகுக்குக் கொண்டுவந்து வச்ச செடி, இன்னைக்கு மலையையே மூடிக்கிட்டு நிக்குது.

கன்னங்குறிச்சி_காளை | டிசம்பர் 7, காலை 6:50

காய்ச்சல் வந்த அன்னைக்கே நிலவேம்புக் கஷாயம் குடிச்சிருந்தா இத்தனை தூரம் வந்திருக்காது. நம்மாளுங்க ஊசிக்கு அலையறதுதான் வினை.

மலை_ரைட்டர் | டிசம்பர் 7, காலை 7:05

தம்பி, அவரு குடிச்சாரா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க லைன் வீடுகள்ல கஷாயம் காய்ச்சாத வீடே இல்லை. பக்கு வந்தவங்களும் குடிச்சவங்கதான்.

நெப்ரோ_நைட்டூட்டி | டிசம்பர் 7, காலை 8:31

சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் மச்சானைப் பார்த்தவள் நானில்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவருடைய டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

முதல் கேள்வி. நிறையப் பேருக்குப் பழையபடி வந்துவிடும். இந்தக் கிருமியின் பெயர் ஒரியன்ஷியா. அது ரத்தக் குழாய்களின் உள்பக்கத் தோலில் போய்க் குடியேறும். குழாய் ஒழுக ஆரம்பிக்கும், நீர் வெளியே கசியும், பிரஷர் இறங்கும். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்தால் அதன் நுண்குழாய்ச் செல்கள் சோர்ந்து உதிரும். வடிகட்டி பெரும்பாலும் தப்பித்திருக்கும், நுண்குழாய் மட்டும்தான் அடிபட்டிருக்கும். அந்தச் செல்கள் மறுபடி முளைக்கக் கூடியவை. முளைக்கும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் டயாலிசிஸ். "டயாலிசிஸ் ஆரம்பித்தால் விடவே முடியாது" என்று ஊரில் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாமல் நிற்கிறவர்களை மாதத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். திடீரென்று பழுதான சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் ஒரு ஊன்றுகோல்தான். கால் சரியானதும் வைத்துவிடலாம்.

இரண்டாவது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. மாட்டு உண்ணியும் இதுவும் வேறு. இது ஒரு வகைச் சிலந்திப்பேன், அதிலும் குஞ்சுப் பருவத்தில் இருப்பது மட்டும்தான் கடிக்கும். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கே கிருமி போய்விடுவதால் ஒரே சரிவில், ஒரே புதரில் வருஷா வருஷம் வரும். ரைட்டர் அண்ணன் சொன்ன "மூணு பேரும் ஒரே சரிவு" அதனால்தான். பிள்ளைகள் அதே புதரில் விளையாடினால் அவர்களுக்கும் வரலாம். காய்ச்சல் என்றால் உடம்பைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவதுக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டேன், நான் அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம். டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் பரிசோதனை நம் ஊரில் டைபாய்டு இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். அதை நம்பிப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, ஊசி மருந்து அதன் சுவரைத்தான் உடைக்கப் பார்க்கிறது. அடுத்தது உடம்பு வலி ஊசி. டைக்ளோபினாக் மாதிரி மருந்துகள் சிறுநீரகத்துக்கு உள்ளே போகும் ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஏற்பாட்டையே நிறுத்திவிடும். நல்ல உடம்பு ஒரு ஊசியைத் தாங்கும். வாந்தி எடுத்து, நீர் வற்றி, பிரஷர் இறங்கிக் கிடக்கிற உடம்புக்கு ஐந்து நாள் என்பது எரிகிற வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடுவது போல. காய்ச்சல் வலிக்கு பாராசிட்டமால் போதும்.

மூன்று மாதம் கழித்து கிரியாட்டினின், பிரஷர், யூரினில் புரதம் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதுவரை மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்கவே கூடாது.

ஆட்டோ_அஸ்தம்பட்டி | டிசம்பர் 7, மதியம் 1:20

அப்ப காய்ச்சல்னா ஸ்கரப்புக்குக் கொடுக்கற டாக்சிசைக்ளின் மாத்திரை ரெண்டு வாங்கிப் போட்டுட்டா கதை முடிஞ்சுதுல்ல? பத்து ரூபா கூட ஆகாது போல. எதுக்கு ஆஸ்பத்திரி?

லேப்_அக்கா | டிசம்பர் 7, மதியம் 2:45

ஆட்டோ தம்பி, நீங்க ரெண்டு மாத்திரையைப் போட்டுட்டு மூணாம் நாள் எங்க லேப்ல வந்து உக்காருவீங்க. அது டெங்குவா, மலேரியாவா, எலிக்காய்ச்சலான்னு பார்க்கற வேலை எங்களுக்கு. டாக்சிசைக்ளின் டெங்குவுக்குக் கேட்காது. ஸ்கரப்புக்கே ரெண்டு மாத்திரை பத்தாது, ஒரு வாரம் சாப்பிடணும். இன்னொண்ணு, அந்த மாத்திரையை ஒரு மொடக்குத் தண்ணில முழுங்கிட்டு உடனே படுத்தீங்கன்னா தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கிடும். டம்ளர் நிறையத் தண்ணி, அரை மணி நேரம் நிமிர்ந்து உக்காரணும்.

பரிசோதனையைப் பத்தியும் சொல்லிடறேன். ஸ்கரப்புக்கு நாங்க எடுக்கறது ஐஜிஎம் எலைசா, ரத்தத்துல எதிர்ப்பொருள் இருக்கான்னு பார்க்கற டெஸ்ட். முதல் அஞ்சாறு நாள்ல எடுத்தா நெகட்டிவ் வரலாம், உடம்பு எதிர்ப்பொருள் செய்ய நாள் எடுக்கும். "டெஸ்ட் நெகட்டிவ், அப்ப அது இல்லை"ன்னு வீட்டுக்குப் போனவங்க உண்டு. பழைய வெயில்-ஃபெலிக்ஸ் டெஸ்டை இன்னும் சில இடத்துல எடுக்கறாங்க. 1916-ல கண்டுபிடிச்சது, பாதி நேரம் தப்பு சொல்லும். பக்கு இருந்தா எந்த டெஸ்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த டாக்டரம்மா சரியாத்தான் பண்ணியிருக்காங்க.

நெப்ரோ_நைட்டூட்டி | டிசம்பர் 7, இரவு 9:10

அக்கா சொன்னதோடு ஒரு வரி. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவோம். குழந்தைகளுக்குப் பல் கறையாகும் என்று டாக்சிசைக்ளினைத் தள்ளி வைத்தது பழைய கதை, குறைந்த நாளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் இப்போது. முற்றிப் போய் வருகிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. நம் பக்கத்து நோய்க்கு நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளே விடை தேடியது எனக்குத் தனிச் சந்தோஷம்.

ரிட்டயர்டு_சுகாதாரம் | டிசம்பர் 8, காலை 5:40

எல்லாரும் மலையையே பேசறீங்க. கீழ இருக்கற சாக்கடையையும் பேசணும். நான் 31 வருஷம் சுகாதார ஆய்வாளரா இருந்தவன்.

எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோ. இதுல கிட்னி ரெண்டு இடத்துல வருது, அதுதான் வேடிக்கை. கிருமி சௌக்கியமா வாழற வீடே எலியோட கிட்னி. எலிக்கு ஒரு நோவும் வராது. அது பெய்யற மூத்திரத்துல வெளிய வந்து, தேங்கின தண்ணில கெடந்து, நம்ம கால் வெடிப்பு வழியா ஏறி, கடைசியில நம்ம கிட்னில போய் உக்காருது. அங்கதான் நமக்கு வினை. 1886-ல வெயில்னு ஒரு ஜெர்மன் டாக்டர் காய்ச்சல், காமாலை, கிட்னி மூணும் சேர்ந்து வர்றதை எழுதி வச்சார். மேல லேப் அம்மா சொன்ன டெஸ்டுல இருக்கற வெயில் வேற ஆளு. கிருமி இதுதான்னு 1915 வாக்குல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சாங்க, அங்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வந்தது.

ஒரு மழைக்கு அப்புறம் சாக்கடை அடைப்பு எடுத்த ஒருத்தர், பேர் வேண்டாம், எங்கிட்ட வந்தாரு. நடக்கவே முடியலை. கெண்டைக்கால்ல கை வச்சா அலர்றாரு. கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு இருக்கு, ஆனா பீளை இல்லை, உறுத்தல் இல்லை. மெட்ராஸ் ஐயின்னு சொட்டு மருந்து போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. "அய்யா, ஒண்ணுக்கு நல்லாத்தான் போவுது, கிட்னிக்கு ஒண்ணுமில்லை"ன்னாரு. ஆஸ்பத்திரில யூரியா ஏறிக் கெடந்தது. கையுறையும் பூட்ஸும் கொடுத்ததாகக் கையெழுத்து மட்டும் நோட்டுல இருந்துச்சு. அந்தக் கையெழுத்து இன்னும் எனக்கு உறுத்துது.

இன்னொண்ணு. ஸ்கரப்புக்கு மருந்து முதல்ல கேட்டது 1948-ல, மலேயாவுல. குளோரோமைசெட்டின்னு பேரு. எங்க பெரியப்பா அங்க ரப்பர்த் தோட்டத்துல இருந்தவர். "பக்கு சொரம்"னு அவர் ஒரு காய்ச்சலைச் சொல்வாரு. அது இதுதானோன்னு இந்த இழையைப் படிச்சதும் நெனச்சுக்கிட்டேன்.

நெப்ரோ_நைட்டூட்டி | டிசம்பர் 8, காலை 10:00

ஐயா சொன்ன "ஒண்ணுக்கு நல்லாத்தான் போவுது" என்பதைக் கவனியுங்கள். சிறுநீரகம் பழுதானால் உடம்பில் பொட்டாசியம் ஏறும், அதுதான் வழக்கம். லெப்டோவில் பல பேருக்கு நேர்மாறாக இறங்கிக் கிடக்கும். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் திருப்பி உறிஞ்சும் இடத்தையே கிருமி கெடுப்பதால் யூரினோடு ஓடிவிடும். காய்ச்சல், கிரியாட்டினின் 5, பொட்டாசியம் 2.8 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் நாங்கள் முதலில் எலியைத்தான் நினைப்போம். நல்லவேளை, இதற்குப் பென்சிலினும் கேட்கும், அந்த செஃப்ட்ரையாக்சோனும் கேட்கும்.

கொலுசுப்பட்டறை_மகள் | டிசம்பர் 8, இரவு 10:48

நான் சொல்றது இந்த இழைக்குப் பொருந்துமான்னு தெரியலை. பூச்சி, எலி எதுவும் இல்லாத கதை.

எங்கம்மாவுக்கு 12 வருஷமா சர்க்கரை. மாத்திரை இஷ்டப்பட்டா போடுவாங்க. போன வருஷம் ஆடி மாசம் இடுப்புக்கு மேல வலது பக்கம் வலின்னு ரெண்டு நாள் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தாங்க. மூணாம் நாள் பேச்சு குழறுது. கொண்டுபோனா சர்க்கரை 460. ஸ்கேன்ல கிட்னிக்குள்ள காத்து இருக்குன்னு சொன்னாங்க. எனக்குப் புரியவே இல்லை. வயித்துல காத்து இருக்கும், கிட்னில எப்படிங்க காத்து வரும்? அந்த சர்ஜன் சார் சொன்ன விளக்கம் இன்னும் மறக்கலை: "மாவு புளிச்சா பொங்குதுல்லம்மா, அதே வேலைதான். சர்க்கரையைத் தின்னு கிருமி காத்து விடுது."

கிட்னியை எடுக்கணுமோன்னு முதல் நாள் சொன்னாங்க. அப்புறம் முதுகு வழியா ஒரு டியூப் போட்டு சீழை வடிச்சு, ஆன்டிபயாட்டிக், இன்சுலின். 19 நாள். கிட்னி தங்கிடுச்சு. அந்த டியூப் வழியா முதல் நாள் வந்ததுல குமிழ் குமிழா இருந்தது, நானே பார்த்தேன். அம்மா இப்ப ஊசியைத் தானே போட்டுக்கறாங்க. யாரும் சொல்லாமலேயே.

நெப்ரோ_நைட்டூட்டி | டிசம்பர் 9, காலை 7:15

நன்றாகவே பொருந்தும். எம்ஃபைசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்று அதற்கு வாய் நுழையாத பெயர். வருவது பெரும்பாலும் சர்க்கரைக்காரர்களுக்கு, பெண்களுக்கு அதிகம். கிருமி ஒன்றும் அபூர்வமில்லை, சாதாரண யூரின் தொற்றில் வரும் ஈகோலைதான் அநேகமாக. முன்பெல்லாம் சிறுநீரகத்தை எடுப்பதுதான் முதல் பேச்சு. சிடி ஸ்கேன் பரவலான பிறகு, எவ்வளவு தூரம் காற்று பரவியிருக்கிறது என்று பார்த்து, டியூப் போட்டே பலரைக் காப்பாற்றுகிறோம். சர்க்கரை உள்ளவருக்கு விலாவில் வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தைலத்தில் நாள் கடத்த வேண்டாம்.

லேப்_அக்கா | டிசம்பர் 9, மாலை 6:30

அபூர்வம்னு சொன்னா எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது ஒரு ரிப்போர்ட். செவ்வாய்ப்பேட்டையில இருந்து ஒரு அம்மா, 40 வயசு இருக்கும். ஒரு வருஷமா எங்க லேப்புக்கு யூரின் பாட்டிலோட வந்துக்கிட்டே இருந்தாங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்தா சீழ் செல் அப்பிக் கெடக்கும். கல்ச்சர் போட்டா ஒண்ணும் வளராது. மூணு தடவை அதேதான். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆன்டிபயாட்டிக் சீட்டு. சில மருந்துக்குக் கொஞ்ச நாள் சுகமா இருக்கும், மறுபடி வந்துரும். ராத்திரில பத்துத் தடவை எந்திரிக்கறேன்னு அழுதாங்க.

நாலாவது தடவை ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடும்போது எங்க சீஃப் பழைய மூணையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. டாக்டருக்கு அவரே போன் பண்ணி, "சார், சீழ் இருக்கு, கிருமி வளரலை. டிபியா பாருங்க"ன்னாரு. மூணு நாள் விடியற்காலை யூரின் எடுத்து அனுப்பினோம். டிபிதான். நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. எப்பவோ பல வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுல இருந்து ரத்தம் வழியா போய் கிட்னில தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. டிபி கிருமி சாதாரண கல்ச்சர் தட்டுல வளராது, அதுக்குத் தனி ஊடகம், வாரக்கணக்குல காத்திருக்கணும். இடையில கொடுத்த சில ஆன்டிபயாட்டிக் டிபி கிருமியையும் லேசா அமுக்கி வைக்குமாம், அதனாலதான் அந்தக் கொஞ்ச நாள் சுகம். கண்டுபிடிக்கறதையும் அதுவே தள்ளிப்போட்டுருச்சு.

மாத்திரை ஆரம்பிச்ச மறுநாளே மறுபடி ஓடி வந்தாங்க, "சிஸ்டர், ரத்தமா போவுது"ன்னு. பார்த்தா ஆரஞ்சு கலர். ரிஃபாம்பிசின் சாப்பிட்டா அப்படித்தான் போகும். யாரும் முன்னாடியே சொல்லலை. அவங்களுக்கு ஒரு பக்க யூரின் குழாய் சுருங்கிப் போய் உள்ள ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்துச்சு. ஒரு வருஷம் முன்னாடி பிடிச்சிருந்தா அது கூட வேண்டியிருந்திருக்காதுன்னு எனக்கு ஒரு எண்ணம். டாக்டரம்மா கோவிச்சுக்காதீங்க.

நெப்ரோ_நைட்டூட்டி | டிசம்பர் 9, இரவு 11:55

கோபம் இல்லை அக்கா. உங்கள் சீஃப் செய்த மாதிரி பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைக்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஓபியில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம். அதனால் இந்த இழையைப் படிக்கிறவர்கள் பழைய சீட்டுகளை ஒரு கவரில் போட்டுத் தேதி வாரியாக எடுத்து வந்தாலே பாதி வேலை முடிந்தது.

சின்னதிருப்பதி_அம்மா | டிசம்பர் 10, மதியம் 12:05

என் பையனுக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல இருந்து சொறி சிரங்கு ஒட்டிக்கிட்டு வந்து கால் பூராப் புண்ணு. ஆறின மாதிரி இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு காலைல எந்திரிக்கும்போது முகம் அதைச்சு, கண்ணே திறக்க முடியலை. ஒண்ணுக்கு பால் விடாத டீ மாதிரி. பிரஷர் இருக்குன்னாங்க. ஆறு வயசுப் பையனுக்குப் பிரஷராங்கன்னு கேட்டு நான் அங்கயே உக்காந்துட்டேன். சிரங்குக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம்? இப்ப நல்லா இருக்கான், ஆனா இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

நெப்ரோ_நைட்டூட்டி | டிசம்பர் 10, இரவு 8:20

அம்மா, இதில் கிருமி சிறுநீரகத்துக்குப் போகவே இல்லை. புண்ணில் இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதை எதிர்க்க உடம்பு செய்த எதிர்ப்பொருளும் கிருமியின் துணுக்கும் சேர்ந்து போய் சிறுநீரக வடிகட்டியில் சிக்கிக் கொள்கின்றன. தொண்டைப் புண் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் வரும், தோல் புண் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் எந்த அம்மாவுக்கும் சிரங்கு ஞாபகத்துக்கு வருவதில்லை. உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, பிரஷரைப் பார்த்துக்கொண்டால் குழந்தைகள் அநேகமாக முழுசாகத் தேறிவிடுவார்கள். சி3 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருப்பார்கள். அது இறங்கியிருந்து எட்டு வாரத்துக்குள் பழையபடி ஏறியிருந்தால் கவலை வேண்டாம்.

சிரங்கு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். ஒருத்தருக்கு மட்டும் போட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

கன்னங்குறிச்சி_காளை | டிசம்பர் 10, இரவு 9:00

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு கேள்வி. எஸ்டேட்காரன் என்ன பண்றான்? கூலிக்குப் போய் கிட்னி போனா யாரு கட்டறது?

மலை_ரைட்டர் | டிசம்பர் 11, காலை 6:10

நியாயமான கேள்வி. 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே மருத்துவ வசதி பண்ணித் தரணும்னு இருந்துச்சு. ஆனா அது பெரிய தோட்டத்துக்கு. குத்தகைக்கு நாலு ஏக்கர் எடுத்து தானே வெட்டறவருக்கு முதலாளியும் அவரே, கூலியும் அவரே. அவருக்கு இருக்கறது அரசு ஆஸ்பத்திரியும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்தான். அட்டையில டயாலிசிஸ் வருது. மலையில இன்னும் நிறையப் பேர் அட்டையே எடுக்கலை, வருமானச் சான்றுக்குக் கீழயும் மேலயும் அலையணும்னு விட்டுடறாங்க. ஒரு நாள் கூலி போனா அன்னைக்கு அடுப்பு எரியாது.

நாங்க பண்றது இவ்வளவுதான்: முழுக்கை சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகறது, பூட்ஸ், பூச்சி விரட்டுற களிம்பு. துணியைக் கழட்டிப் புதர் மேல காயப் போடக் கூடாது. சாயங்காலம் போனதும் தேச்சுக் குளியல், துணி சுடுதண்ணியில. பழம் பறிக்கிற பொண்ணுங்க சேலைக்கு மேல சட்டை போடுவாங்கல்ல, அது வெயிலுக்குன்னு நெனச்சேன். பூச்சிக்கும்தானாம், ஒரு பாட்டி சொல்லுச்சு.

அம்மாபேட்டை_மாப்ள | ஜனவரி 24, இரவு 9:30

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. டாக்டரம்மா எழுதினதை அச்செடுத்து தங்கச்சிகிட்டக் கொடுத்திருக்கேன். நேத்து ரத்தம் பார்த்தோம். கிரியாட்டினின் 1.2. யூரின்ல புரதம் இல்லை. பக்கு உதிர்ந்து அந்த இடத்துல வெள்ளையா ஒரு வடு இருக்கு, கால் ரூபாய்க் காசு அளவுக்கு.

மிளகு அறுப்புக்கு ஆள் கிடைக்கலைன்னு பொங்கல் முடிஞ்ச மூணாம் நாளே மலைக்கு ஏறிட்டாப்ல. யார் சொல்லியும் கேட்கலை. ஆனா நான் வாங்கிக் கொடுத்த கம்பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் தோட்டத்துக்குள்ள இறங்கறாப்ல, அது நெசம். போட்டோ கூட அனுப்பினாப்ல.

மலை_ரைட்டர் | ஜனவரி 24, இரவு 9:52

ரொம்ப சந்தோஷமுங்க. பூட்ஸுக்கு மேல பேன்ட் தானே?

அம்மாபேட்டை_மாப்ள | ஜனவரி 24, இரவு 9:55

லுங்கி.